62 வயது அப்பாவுக்குக் கார்னோசின் மாத்திரை வாங்கலாமா?

அப்பா சுத்த சைவம், தினமும் நடக்கிறார், ஜிம்மில் கார்னோசின் மாத்திரை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள், தெம்பு கூடுமா, முதுமை தள்ளிப்போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அண்ணாச்சி, அவசரப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

நான் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் 800 மீட்டர் ஓடிப் பழகியவன். அதில் கடைசி 200 மீட்டரில் தொடை இரும்பாகக் கனக்கும். தசையில் அமிலம் ஏறுவது அதற்கு ஒரு காரணம். ஏறும் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கிற பொருள்களில் ஒன்றுதான் கார்னோசின். பீட்டா அலனின், ஹிஸ்டிடின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் சேர்ந்தது. 1900இல் ரஷ்ய விஞ்ஞானி குலேவிச் இதை இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்தார். கறியிலும் மீனிலும் இருப்பதால், சைவக்காரர்களின் தசையில் இது சராசரியாகக் கொஞ்சம் குறைவு. அதற்காகப் பயப்பட வேண்டாம், உடம்பே இதைத் தயாரித்துக்கொள்ளும்.

மாத்திரையாக விழுங்கினால், ரத்தத்தில் இருக்கும் கார்னோசினேஸ் என்ற நொதி அதை உடைத்துவிடும். தசை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். அப்படிக் கட்டும்போது பற்றாமல் போவது பீட்டா அலனின்தான். ஓட்டக்காரர்கள் அதையே நேராக, ஒரு நாளைக்கு 4 முதல் 6 கிராம் வரை, சில வாரம் எடுப்பார்கள். 500 மில்லிகிராம் கார்னோசின் மாத்திரையில் கிடைப்பது ஏறக்குறைய 200 மில்லிகிராம் பீட்டா அலனின். 4 கிராம் வேண்டுமானால் தினம் 20 மாத்திரை! இந்தக் கணக்கை யாரும் கடையில் சொல்வதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

நான் பீட்டா அலனின் ஆறு வாரம் எடுத்தேன். முகத்திலும் கையிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அளவைப் பிரித்து எடுத்ததும் அது அடங்கிவிட்டது. என் நேரமும் குறைந்தது, ஆனால் அந்த மாதம் பயிற்சியையும் கூட்டியிருந்தேன். பலன் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு நிமிடம் வரை முழு மூச்சாக ஓடுகிற வேலைக்குத்தான். காலை நடைக்கு அது தேவைப்படாது.

முதுமை விஷயம்? 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மனித செல்கள் கார்னோசினில் கூடுதல் நாள் தாங்கின. செல் வேறு, அப்பா வேறு.

எங்கள் வீட்டிலும் அப்பா சைவம்தான், 65 வயது. அவருக்கு நான் இதை வாங்கித் தரவில்லை. வாரம் ஒருநாள் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், தினம் பயறு, தயிர். அப்புறம், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொல்வேன், காலையும் மாலையும். இப்போது மாடிப்படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறுகிறார்.

உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை ஏதும் உண்டா? இருந்தால் எந்தப் பொடியும் தொடுவதற்கு முன்னால் அவருடைய டாக்டரிடம் டப்பாவைக் காட்டிவிடுங்கள்.