லண்டன் மேட்சுக்கு தி.நகரில் டிக்கெட் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நான் அண்ணாநகரில் வசிக்கிறேன். மூத்த மகள் லண்டனில் வேலை பார்க்கிறாள். நவம்பரில் நானும் மனைவியும் காலேஜில் படிக்கும் இளையவனும் அவளைப் பார்க்கப் போகிறோம். பையன் சின்ன வயதிலிருந்தே லண்டன் கால்பந்து கிளப்பான ஆர்சனல் பைத்தியம். தி.நகரில் ஒரு டிராவல்ஸ்காரர், சனிக்கிழமை மேட்சுக்கு ஆளுக்கு 48,000 ரூபாய், மூன்று சீட்டும் பக்கத்துப் பக்கத்தில், கன்ஃபர்ம் என்கிறார். 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியை இந்த வாரமே கட்டச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முதலில் அவரிடம் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: இந்த டிக்கெட்டை விற்க ஆர்சனல் கிளப் உங்களுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்திருக்கிறதா?

இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. போட்டியை நடத்துகிறவர்களின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் டிக்கெட் விற்பது 1994 முதல் அங்கே குற்றம். வாங்கியதற்காக உங்கள் மேல் வழக்கு வராது. ஆனால் வாசலில் நிறுத்தினால் பணம் போனது போனதுதான். லண்டன் போலீஸ் தி.நகருக்கு வந்து அவரைப் பிடிக்கப் போவதும் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் இங்கே கடை விரிக்கிறார்கள்.

ஆர்சனலின் சொந்த மைதானமான எமிரேட்ஸில் சுமார் 60,000 பேர் உட்காரலாம். அதில் பெரும்பகுதி, சீசன் முழுவதற்கும் சேர்த்து வாங்கிவிடும் சீசன் டிக்கெட்காரர்களுக்குப் போய்விடும். மிச்சம் உறுப்பினர்களுக்கு. பொது விற்பனை என்று கவுன்ட்டரில் போய் வாங்குவதெல்லாம் லீக் ஆட்டங்களுக்கு அநேகமாக இல்லை. அப்படியென்றால் உங்கள் டிராவல்ஸ்காரர் கையில் மூன்று சீட் எப்படி வந்தது? இன்னும் வரவில்லை என்பதே என் சந்தேகம். உங்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, மேட்ச் நெருங்கும்போது லண்டனில் பிளாக்கில் தேடுவார்கள். கிடைத்தால் கொடுப்பார்கள், கிடைக்காவிட்டால் “கிளப் கேன்சல் செய்துவிட்டது” என்பார்கள்.

கிடைத்தாலும் எப்படிக் கிடைக்கும் தெரியுமா? இப்போது காகித டிக்கெட் கிடையாது, எல்லாம் போனில் வரும் பாஸ். அது வேறு யாரோ ஓர் உறுப்பினரின் பெயரில் இருக்கும். மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒருவர் வந்து ஒரு பழைய போனைக் கையில் கொடுப்பார். “இதைக் காட்டி உள்ளே போங்கள், மேட்ச் முடிந்ததும் இதே இடத்தில் திருப்பிக் கொடுங்கள்” என்பார். நடுவில் கிளப் சந்தேகப்பட்டு அந்த உறுப்பினரின் கணக்கை முடக்கினால், வாசலில் விளக்கு சிவப்பாகிவிடும். நவம்பர் குளிரில் பையனோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். இந்தப் போன் ஏற்பாட்டை யார் சொன்னாலும் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது. கிளப்களே சில நிறுவனங்களுக்கு, சாப்பாட்டோடு சேர்ந்த ஹாஸ்பிடாலிட்டி பேக்கேஜையும் ஹோட்டலோடு சேர்ந்த டிக்கெட்டையும் விற்க அனுமதி தருகின்றன. அவை சட்டப்படியானவை, விலை கூடுதல். குழப்பம் இங்கேதான். “பிளாக் நம்பர், வரிசை நம்பர் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் மோசடி” என்று பலர் யோசனை சொல்வார்கள். ஆனால் முறையான பேக்கேஜிலும் பல நேரம் எந்தப் பகுதி என்று மட்டும்தான் சொல்வார்கள், சீட் நம்பர் மேட்சுக்குச் சில நாள் முன்புதான் வரும். ஆகவே சீட் நம்பரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆளின் அனுமதியைப் பாருங்கள். பில்லில் கிளப் சின்னம் இருப்பதும், கடைச் சுவரில் அந்தச் சின்னத்தில் வரும் பீரங்கிப் படம் ஒட்டியிருப்பதும் அனுமதி ஆகாது. ஒரு காலத்தில் அனுமதி இருந்தது என்பதும் செல்லாது, இந்த சீசனுக்கு இருக்க வேண்டும். “லண்டனில் எங்கள் பார்ட்னருக்கு இருக்கிறது” என்றால், அந்தப் பார்ட்னரின் பெயரைக் கேட்டு, ரசீதையும் அவர்கள் பெயரிலேயே வாங்குங்கள். அந்தப் பெயர் கிளப்பின் இணையதளத்தில் அனுமதி பெற்றவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று உங்கள் மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் கிளப்புக்கே ஒரு மெயில் போடட்டும்.

நேர்வழி என்ன என்றால், மேட்ச் பார்க்கப் போகும் ஒவ்வொருவரும் கிளப்பில் உறுப்பினராக வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரும் சேரலாம். ஆர்சனலில் சாதாரண உறுப்பினர்களுக்குக் குலுக்கல் முறை. விழவில்லை என்றால், வர முடியாத சீசன் டிக்கெட்காரர்கள் திருப்பித் தரும் சீட்டுகள் கிளப்பின் சொந்த எக்ஸ்சேஞ்சில் வரும். பெரும்பாலும் ஒற்றை சீட்டாகத்தான் வரும், மூன்றும் சேர்ந்து கிடைப்பது அரிது. மகளையும் பையனையும் மட்டும் உறுப்பினராக்கி முயன்று பாருங்கள். நீங்களும் மனைவியும் வெளியே ஊரைச் சுற்றலாம்.

எனக்கு இந்த முறையின் மேலேயே கோபம் உண்டு. 2022-ல் தொடங்கிய ஒப்பந்தக் காலத்தில், ஆர்சனல் ஆடும் பிரீமியர் லீக்கின் வெளிநாட்டு ஒளிபரப்பு வருமானம் உள்நாட்டு வருமானத்தையே தாண்டிவிட்டது. நம் பிள்ளைகள் ஜெர்சி வாங்க வேண்டும், ராத்திரி கண் விழித்துப் பார்க்க வேண்டும். அதே பிள்ளை கடல் கடந்து வந்து ஒரு சீட் கேட்டால் குலுக்கலில் நில் என்கிறார்கள். உள்ளூர்க்காரனுக்கு முன்னுரிமை கொடுப்பது நியாயம்தான். தலைமுறை தலைமுறையாக அவன் வந்து கத்துவதால்தான் நமக்கு டிவியில் அந்தச் சத்தமே கேட்கிறது. சனிக்கிழமை மதியம் 3 மணி ஆட்டத்தை நாம் அண்ணாநகரில் உட்கார்ந்து பார்க்கிறோம், லண்டனில் இருக்கும் உங்கள் மகளால் டிவியில் நேரலையாகப் பார்க்க முடியாது. ஆட்கள் மைதானத்துக்கு வர வேண்டும் என்பதற்காக அந்த நேரத்தில் அங்கே ஒளிபரப்புத் தடை. அதெல்லாம் சரி. ஆனால் வெளிநாட்டு உறுப்பினருக்கென்று சில நூறு சீட்டை நேரடியாக ஒதுக்கினால் இந்தத் தரகர்களுக்குப் பிழைப்பே இருக்காது.

அப்புறம் அந்த ‘சனிக்கிழமை’. டிவிக்காக ஆட்டங்களை வெள்ளி, ஞாயிறு, திங்கள் என்று மாற்றுவது சகஜம். தேதி இறுதியாகும்வரை விமான டிக்கெட்டை மேட்சோடு இறுக்கிக் கட்டாதீர்கள். நவம்பர் நடுவில் தேசிய அணிகளின் ஆட்டங்களுக்காக லீக்கே நின்றுவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மேட்ச் டிக்கெட் இருந்தால் விசா சுலபம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். விசா கைக்கு வந்த பிறகு பெரிய பணம் கட்டுங்கள்.

பையனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஆர்சனல் பெண்கள் அணியும் எமிரேட்ஸில் ஆடுகிறது. 2025-ல் லிஸ்பனில் பார்சிலோனாவை 1-0 என்று வென்று ஐரோப்பியச் சாம்பியன் ஆன அணி. அந்த ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடைப்பது பல மடங்கு எளிது, விலையும் குறைவு. அதே மைதானம், அதே சிவப்பு வெள்ளை. மூன்று பேரும் சேர்ந்தே உட்காரலாம்.

முன்பணத்துக்கு வருவோம். அனுமதிக் கடிதம் காட்டவில்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றே வாட்ஸ்அப்பிலும் மெயிலிலும் எழுதுங்கள், போனில் பேசியதோடு விட்டுவிடாதீர்கள். “கன்ஃபர்ம்” என்று அவர் அனுப்பிய மெசேஜை அழிக்காதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் உடனே புகார் கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ரசீது கேளுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் சென்னையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தொடுக்க உரிமை உண்டு.