படிப்பைத் தேடும் முன் படிக்கட்டைப் பாருங்கள்

அம்மா, வாதத்தால் கால் பாதித்த உங்கள் பையனை, இந்தத் தம்பியை, கோத்தகிரியிலிருந்து என்னிடம் கூட்டிக்கொண்டு வந்த அன்று நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு எந்தப் படிப்பு சார்?" தாவரவியல் படிக்கத்தான் அவனுக்கு ஆசை. நீங்கள் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அந்த முகம் மனதிலேயே நிற்பதால் இதை எழுதுகிறேன்.

எனக்கு இளம்பிள்ளை வாதம் வந்தபோது ஒன்றரை வயது. தசையை இயக்குகிற நரம்பு செல்களைத்தான் போலியோ கிருமி தண்டுவடத்தில் அழிக்கும். தொடு உணர்வு போகாது, அறிவுக்கும் ஒன்றும் ஆகாது. செத்த செல் திரும்பாது, அதனால் சூம்பிய கால் சூம்பியதுதான். இந்தியாவில் இயல்பாகப் பரவும் போலியோ கடைசியாகப் பதிவானது 2011 ஜனவரியில், ஹவுரா மாவட்டத்தில். தம்பிக்கு வந்தது போலியோ இல்லை, வேறொரு காய்ச்சலுக்குப் பின் வந்த வாதம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். "போலியோ இல்லையென்றால் சலுகை இல்லை" என்று யாரோ சொன்னதை நம்பி நீங்கள் மாற்றுத்திறனாளி சான்றிதழே வாங்கவில்லை. அது தவறான தகவல், அம்மா. மருத்துவர்கள் அளப்பது பாதிப்பின் அளவை, நோயின் பெயரை அல்ல. 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் குறைந்தது 5 சதவீத இடமும் அரசு வேலைகளில் குறைந்தது 4 சதவீத இடமும் மாற்றுத்திறனாளிகளுக்கு உண்டு. ஊட்டியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. முதல் வேலையாக அங்கே போங்கள்.

சரி, படிப்புக்கு வருவோம். தாவரவியல் என்றால் காடு மேடு ஏற வேண்டுமே என்று பயப்படுகிறீர்கள். வனத்துறை சீருடைப் பணிக்கு 25 கிலோமீட்டர் நடைத் தேர்வு உண்டு, அதை மட்டும் விட்டுவிடலாம். திசு வளர்ப்புக் கூடம், விதைப் பரிசோதனை, ஆசிரியர் பணி, எந்தப் பட்டம் இருந்தாலும் எழுதக்கூடிய டிஎன்பிஎஸ்சி குரூப் 2 என்று மீதி வழிகள் திறந்தே இருக்கின்றன. ஆய்வகத்தில் நிற்பது கஷ்டமா? உயரமான ஸ்டூல் ஒன்று போதும்.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. என் கல்லூரியில் ஆய்வகம் மூன்றாவது மாடியில் இருந்தது. காலைத் தாங்கும் கேலிப்பர் என்ற சட்டத்தோடு மூன்று வருடம் ஏறினேன், கீழே ஒரு வகுப்பறை கேட்கவில்லை. கேட்டால் பரிதாபப்படுவார்களே என்ற ரோஷம். போலியோ வந்தவர்களுக்குப் பல வருடம் கழித்து, அதுவரை நன்றாக உழைத்த தசையும் தளர்வதுண்டு. இப்போது என் நல்ல காலும் சோர்ந்துவிடுகிறது. தம்பிக்கு அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆனால் ரோஷத்துக்காக அவன் உடம்பை வருத்த வேண்டாம்.

ஊட்டி அரசு கலைக் கல்லூரி ஸ்டோன் ஹவுஸ் மேட்டில் இருக்கிறது. விண்ணப்பம் போடும் முன் ஒரு மழை நாளில் அவனோடு போய் வாருங்கள், வெயில் நாளில் வேண்டாம். பஸ் எங்கே நிற்கிறது, அங்கிருந்து எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, கழிவறை எந்தத் தளத்தில், பாசி பிடித்த சரிவு எங்கே என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு முதல்வரைப் பாருங்கள். அவனே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

அப்புறம், அவன் கேலிப்பரின் தோல்வார் ஈரத்தில் ஊறி வெடித்திருக்கிறது. கல்லூரி திறக்கும் முன் மாற்றிவிடுங்கள்.