கோலெம் எங்கே வருகிறது?

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்த குஸ்தாவ் மைரிங்கின் ‘கோலெம்’ நாவலை ஆங்கிலத்தில் வாசித்தேன். களிமண்ணில் கோலெம் என்ற மனிதனைச் செய்து உயிர் கொடுத்த பிராக் நகரத்து ரப்பியின், அதாவது யூத மதகுருவின், கதையை எதிர்பார்த்தேன். ரப்பி வரவே இல்லை. பூதமும் வந்ததுபோல் இல்லை. கனவு காண்பவர் யார், கைதாகிறவர் யார் என்றே குழம்பிவிட்டேன். இது எப்படித் திகில் நாவல் ஆகும்? சில யூதப் பாத்திரங்கள் வெறுப்போடு எழுதப்பட்டிருப்பதாகவும் பட்டது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் எதிர்பார்த்த ரப்பி யூதா லோவ் 1609-இல் மறைந்தவர். களிமண் மனிதனின் கதை அவர் பெயரோடு சேர்ந்து பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். ‘கோலெம்’ என்ற சொல்லோ மிகப் பழையது. 139-ஆம் சங்கீதத்தில் அது வருகிறது. தமிழ் பைபிளில் அந்த இடத்தில் ‘கரு’ என்று படித்திருப்பீர்கள். இன்னும் உருத் திரளாத உடல். மைரிங்க் பிடித்துக்கொண்டது இந்தப் பொருளை.

நாவலில் ரத்தினக் கல் செதுக்கும் பெர்னாத்தைத் தேடி ஓர் அந்நியன் வருகிறான். பழைய நூலொன்றைக் கொடுத்து, சிதைந்துபோன ஒரு எழுத்தைச் சீர்செய்யச் சொல்லிவிட்டுப் போகிறான். அவன் போனபின் அவன் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர பெர்னாத் எவ்வளவோ முயல்கிறார், முடியவில்லை. கடைசியில் அவனைப் போலத் தடுமாறி நடந்து பார்க்கிறார். நடக்க நடக்க, தன் முகமே அவனுடைய முகமாக மாறியிருப்பதை உள்ளிருந்து உணர்கிறார். எத்தனையோ பேய்க்கதைகள் படித்திருக்கிறேன். இந்த இரண்டு பக்கங்களைப் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை. பூதத்தை வெளியே தேடினீர்கள். அது வந்துவிட்டது, பெர்னாத்தின் தோலுக்குள்.

வாசலே இல்லாத அறையில் அவர் சிக்கிக்கொள்ளும் இரவும் அப்படித்தான். குளிர் தாங்காமல் அங்கே கிடந்த பழந்துணிகளை உடுத்திக்கொள்கிறார். மூலையில் கிடக்கும், குறி பார்க்கும் டாரட் சீட்டு அவருடைய முகத்தோடு எழுந்து எதிரே உட்காருகிறது. விடிந்ததும் அதே உடையில் தெருவில் இறங்குகிறார். கண்டவர்கள் கோலெம் என்று அலறுகிறார்கள்.

முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அது கதை நடக்கும் பிராகின் யூதக் குடியிருப்பில் தோன்றும் என்கிறது நாவல். நெரிசலில் அடைபட்ட மனிதர்களின் மூச்சும் பயமும் திரண்டு எழுவதுபோல. அந்தக் குடியிருப்பைச் சுகாதாரச் சீரமைப்பு என்ற பெயரில் இடிக்க 1893-இல் சட்டம் வந்தது. சில யூத ஜெபாலயங்கள், பழைய கல்லறைத் தோட்டம் போன்ற சிலவற்றைத் தவிர, சந்து சந்தாகத் தரைமட்டமானது. நாவல் 1913-14-இல் தொடராக வந்து 1915-இல் புத்தகமானபோது அந்தத் தெருக்கள் இல்லை. சிறையிலிருந்து திரும்பும் பெர்னாத்தும் இடிபாடுகளைத்தான் பார்க்கிறார். அந்தச் சிறைப் பக்கங்களில் சொந்த அனுபவம் இருக்கிறது: பிராகில் வங்கி நடத்திய மைரிங்க், 1902-இல் மோசடிக் குற்றச்சாட்டில் இரண்டு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தவர்.

வெறுப்பைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. பழைய சாமான் வியாபாரி வாசர்ட்ரும், யூதரைப் பற்றிய ஐரோப்பியக் கசப்பெல்லாம் சேர்த்துப் பிசைந்த உருவம். எனக்குப் பிரியமான நாவல் என்பதற்காக அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். எதிர்ப்பக்கத்தில் மைரிங்க், யூத ஞானி ஹில்லெலை அப்பழுக்கற்றவராக உயர்த்திவிடுகிறார். இரண்டுமே வெளியாளின் பார்வை. அவர் யூதர் அல்லர். கபாலா என்ற யூத மறைஞான மரபின் அறிஞர் கெர்ஷோம் ஷோலெம், இந்த நாவலின் மீட்புக் கருத்து யூத மரபைவிட இந்திய மரபுக்கே நெருக்கமானது என்று எழுதினார். அடையாறில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையின் கருத்துகளில் தோய்ந்து, யோகம் பயின்று, 1927-இல் பௌத்தத்தைத் தழுவியவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? முதல் பக்கத்திலேயே கதைசொல்லி புத்தரின் வாழ்க்கையைப் படித்தபடிதானே தூங்கிப்போகிறார்.

ரப்பியும் களிமண் உருவமும் வேண்டுமென்றால் பால் வெகனர் 1920-இல் எடுத்த மௌனப்படம் இருக்கிறது. பலரும் நினைப்பதுபோல அது இந்த நாவலின் திரைவடிவம் அல்ல. தொன்மக் கதையை நேரடியாகச் சொல்கிறது. அதைப் பார்த்து அந்த ஆசையைத் தீர்த்துக்கொண்டபின், அந்நியன் வரும் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.