எந்த டெஸ்ட், எந்த வயதில்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் பள்ளியில் பத்து வருடமாக 12 நிமிட ஓட்டம்தான் வைக்கிறோம். புதிதாக வந்த பயிற்சியாளர், “அது பழசு, பீப் டெஸ்டுக்கு மாறுங்கள்” என்கிறார். மாறினால் பழைய பதிவேடெல்லாம் வீண்தானா?
– உடற்கல்வி ஆசிரியர், ஈரோடு

பழசு என்பதற்காக எதையும் தூக்கிப் போட வேண்டாம் சார். ஆனாலும் இந்த விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட இந்த 12 நிமிட டெஸ்ட், அமெரிக்க விமானப்படை வீரர்களை ஓடவிட்டு உருவானது. வளர்ந்த ஆளுக்கு மூச்சைப் பங்கிட்டு ஓடத் தெரியும். ஏழாம் வகுப்புப் பையன் விசில் ஊதியதும் முதல் சுற்றைப் பந்தயம் மாதிரி ஓடுவான், மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பான். அப்போது நீங்கள் அளப்பது அவன் தாக்குப்பிடிக்கும் திறனையா, ஓடிப் பழகிய அனுபவத்தையா என்றே சொல்ல முடியாது.

1980-களில் கனடாவின் லூக் லெஜே குழுவினர் கொண்டுவந்த பீப் டெஸ்டில் இந்தச் சிக்கல் குறைவு. 20 மீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவே, ‘பீப்’ சத்தத்துக்குள் அடுத்த கோட்டைத் தொடும்படி ஓட வேண்டும். மணிக்கு 8.5 கி.மீ. வேகத்தில் தொடங்கும், நிமிடத்துக்கு அரை கி.மீ. கூடும். வேகத்தைச் சத்தம் பார்த்துக்கொள்ளும், பிள்ளை ஓடினால் போதும். கிரிக்கெட் செய்திகளில் அடிபடும் யோ-யோ டெஸ்ட் இதற்கு அண்ணன் தம்பி மாதிரி, ஆனால் ஒன்றல்ல. டென்மார்க்கின் யென்ஸ் பாங்ஸ்போ, கால்பந்து மாதிரி விட்டு விட்டு ஓடும் ஆட்டங்களை மனதில் வைத்து அமைத்தது. 40 மீட்டருக்கு ஒரு முறை 10 விநாடி ஓய்வு உண்டு. அதன் எளிய வகையான லெவல் 1 கூட மணிக்கு 10 கி.மீ.யில் தொடங்குவதால், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில் பீப் டெஸ்டே போதும்.

பதிவேடு வீணாகாது. ஒரு பருவத்துக்கு அதே பிள்ளைகளுக்கு இரண்டு டெஸ்டையும் ஒரு வாரம் இடைவெளி விட்டு வையுங்கள். பழைய வரிசையும் புதிய வரிசையும் உங்கள் மைதானத்தில் எப்படி ஒத்துப்போகின்றன என்று தெரிந்துவிடும். அப்புறம், பீப் டெஸ்டின் 20 மீட்டரை டேப் வைத்து அளங்கள். நான் போன ஒரு மைதானத்தில் காலடி வைத்து அளந்த “20 மீட்டர்” பதினெட்டரைதான் இருந்தது. அந்த வருடம் அங்கே எல்லாப் பிள்ளைகளும் சூரர்கள்!

கேள்வி: மகளுக்கு 13 வயது. போன வருடத்தைவிட ஸ்டாண்டிங் பிராட் ஜம்ப் (நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவது), 50 மீட்டர் ஓட்டம் இரண்டும் மோசமாகிவிட்டன. சோம்பல், மொபைல் என்று பயிற்சியாளர் திட்டுகிறார்.
– ஒரு தாய், மதுரை

ஒரு வருடத்தில் எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தாள் என்று எழுதவில்லையே அம்மா. நான் முதலில் கேட்பது அதைத்தான். பெண் பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும், ஆண் பிள்ளைகள் 14-ஐ ஒட்டியும் திடீரென்று நெட்டையாவார்கள். ஒரே வருடத்தில் 8 செ.மீ. கூடுவதெல்லாம் சாதாரணம். கால்கள் முதலில் நீளும், உடம்பு பின்னால்தான் வரும், எடை அதற்கும் பிறகு. புதுக் கால்கள் பழகும்வரை சிலருக்குச் சில மாதம் ஓட்டமே கோணலாகத் தெரியும். இது சோம்பல் இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, காலையில், வெறுங்காலோடு சுவரோரம் நிறுத்தி, தலைமேல் கெட்டி அட்டை நோட்டு ஒன்றைப் படுக்க வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். ஸ்டூலில் உட்கார வைத்து, ஸ்டூல் பலகையிலிருந்து தலைவரையும் ஒரு முறை அளங்கள். நின்ற உயரம், உட்கார்ந்த உயரம், எடை, வயது ஆகியவற்றை வைத்து வேகமாக வளரும் கட்டத்தின் உச்சத்துக்கு எவ்வளவு முன்னே, பின்னே இருக்கிறாள் என்று கணக்கிடும் சூத்திரம் ஒன்று 2002-இல் கனடாவிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். சீக்கிரம் பருவமடைபவர்களையும் தாமதமாக அடைபவர்களையும் அது தவறாகக் கணிக்கிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. ஒரு வருடம் முன்னே பின்னே இருக்கலாம் என்ற எண்ணத்தோடுதான் இப்போது பார்க்கிறேன்.

“13 வயதுக்கு இத்தனை விநாடி” என்ற அட்டவணையின் கோளாறும் இதுதான். ஒரே வகுப்பில் ஒருத்தி இன்னும் குழந்தை, பக்கத்து பெஞ்சில் இருப்பவள் ஏறக்குறைய முழு வளர்ச்சி. அதனால்தான் இங்கிலாந்தின் கால்பந்து அகாடமிகள் சில ஆட்டங்களுக்கு வயதை விட்டுவிட்டு, உடல் முதிர்ச்சியை வைத்து அணி பிரிக்கின்றன. பயிற்சியாளரிடம், டெஸ்ட் நாளின் உயரத்தையும் மதிப்பெண் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். குதிகால், முட்டி வலி இருந்தாலோ, தொடங்கிய மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுபோனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஸ்டாப்வாட்சை விட்டு எலெக்ட்ரானிக் டைமிங் கேட் (கடக்கும்போது நேரத்தைத் தானே பதியும் கருவி) வாங்கினோம். எல்லாப் பிள்ளைகளும் 0.2 விநாடி மெதுவாகிவிட்டார்களே?
– பயிற்சியாளர், திருநெல்வேலி

பிள்ளைகள் அப்படியேதான் இருக்கிறார்கள், உங்கள் கட்டைவிரல்தான் இத்தனை நாள் அவர்களுக்குச் சலுகை கொடுத்திருக்கிறது. கிளம்புவதைப் பார்த்து அமுக்கும்போது தாமதமாகும், முடிவுக் கோட்டில் முன்கூட்டியே அமுக்கிவிடுவோம். தடகளத்தில் 100 மீட்டருக்குக் கையால் அளந்த நேரத்தோடு 0.24 விநாடி கூட்டிக்கொள்ளும் வழக்கம் அதனால்தான். இரண்டு எண்களையும் ஒரே கட்டத்தில் எழுதாதீர்கள். முதல் கேட்டுக்கு 50 செ.மீ. பின்னால் டேப் ஒட்டி, எல்லாரையும் எப்போதும் அங்கிருந்தே கிளம்பச் செய்யுங்கள். இன்னொன்று: ஒரே காலையில் ஒரே பையனை இரண்டு முறை ஓடவிடுங்கள். அதிலேயே 0.08 வித்தியாசம் வந்தால், அடுத்த மாதம் 0.05 குறைந்ததற்கு லட்டு கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: 220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச இதயத் துடிப்பு கிடைக்கும்தானே?
– கல்லூரி மாணவர், சேலம்

பெரியவர்களுக்கே அது தோராயம். பள்ளிப் பருவத்தில் உச்சத் துடிப்பு 200-ஐ ஒட்டியே நிற்கும், வயதோடு பெரிதாக இறங்காது. பீப் டெஸ்டின் கடைசி நிமிடத்தில் அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஏழு அசைவுகளைச் செய்யவைத்து 21-க்கு மதிப்பெண் போடும் சோதனையில் 14-க்குக் கீழே எடுத்த பையன் அடிபடுவான், கபடி அணியில் சேர்க்காதே என்கிறார் பிசியோ.
– தஞ்சாவூர்

இந்த 14, 2007-இல் ஒரு ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ (ரக்பி மாதிரி ஆட்டம்) அணியின் 46 வீரர்களைப் பார்த்துச் சொன்ன எண். மற்ற விளையாட்டுகளில் சோதித்தபோது அது காயத்தை நம்பும்படி முன்கூட்டிச் சொல்லவில்லை. இப்படிப்பட்ட சோதனைகளால் காயத்தை முன்கூட்டிச் சொல்ல முடியாது என்று நார்வேயின் விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் ரோல்ட் பார் (Roald Bahr) 2016-இல் கறாராகவே எழுதினார். பையன் சரியாகக் குந்தி எழுகிறானா என்று பார்க்கச் சோதனை உதவும், வையுங்கள். அணியிலிருந்து நீக்க அது காரணமாகாது.

கேள்வி: விடுதியில் மாதாமாதம் பிள்ளைகளின் தோல்மடிப்பை அளந்து, கொழுப்பு சதவீதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள். என் மகளுக்கு 15 வயது.
– பெயர் வேண்டாம்

முதலில் அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் அப்படி ஒரு எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவக் காரணம் இல்லாமல் 18 வயதுக்குக் கீழே உடல் கொழுப்பை அளக்கவே வேண்டாம் என்பதுதான் இப்போது நிபுணர்கள் தரும் ஆலோசனை. வாய்மொழியாகக் கேட்டு நடக்கவில்லை என்றால், இதையே இரண்டு வரியில் எழுதி விடுதிப் பொறுப்பாளரிடம் கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மகளிடமும் இரவில் சரியாகச் சாப்பிடுகிறாளா என்று கேளுங்கள், எடையைப் பற்றிக் கேட்காமல்.