ஏணிக்காரரை விடுங்கள், மாமனாரைக் கேட்டீர்களா?

கேள்வி: எங்களுடையது பழைய ஓட்டு வீடு. ஓடு நிறம் மங்கிப் பாசி பிடித்திருக்கிறது. கூரையைப் புதுப்பித்துத் தருவதாக ஒருவர் விடாமல் வந்துகொண்டிருக்கிறார். போனில் படம் காட்டி, முகட்டு ஓடெல்லாம் விட்டுப்போச்சு, அடுத்த மழைக்குத் தாங்காது என்று பயமுறுத்துகிறார். கழுவி, புதுப் பூச்சு அடித்துத் தருவாராம். இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் பாதி விலையாம். என் கணவருக்கோ ஓட்டையே எடுத்துவிட்டுத் தகடு போட வேண்டும் என்று ஆசை. ஒழுகலும் கொஞ்சம் இருக்கிறது. மழை வந்தால் மாமனார் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொள்வார், அது பழகிவிட்டது. இந்த ஆளை எப்படித் தவிர்ப்பது? ஓடு நல்லதா, தகடு நல்லதா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: யாருக்குப் பழகிவிட்டது அம்மா?

விற்க வந்தவரின் பேச்சை ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். வயதான ஒரு மனிதர் நடு ராத்திரியில் எழுந்து கட்டிலை இழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்பதை மட்டும் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டீர்கள். எனக்கு இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. எல்லாவற்றிலும் வாசலில் நிற்கிறவரைப் பற்றிய புகார்தான் பெரிதாக இருக்கும். வீட்டுக்குள் ஒழுகுகிற இடத்தை யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். உங்கள் கூரையைப் பற்றி உங்களுக்கே ஒன்றும் தெரியாததால்தான், அவர் எதைச் சொன்னாலும் இருக்குமோ என்று வயிற்றைக் கலக்குகிறது.

உங்கள் மாமனாருக்குத் தெரியும். அந்த ஒழுகலின் கீழே படுத்திருப்பவர் அவர். இதுவரை யாராவது அவரிடம் கேட்டீர்களா? இன்றைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த மழைக்கு ஒழுகுகிறது? காற்றோடு ஒரு பக்கமிருந்து சாரல் அடித்தால் மட்டும் சொட்டுகிறது என்றால், சுவரும் கூரையும் சேரும் இடத்துத் தகட்டுப் பட்டை பிரிந்திருக்கலாம், அந்தப் பக்கத்து ஓடு விரிசல் விட்டிருக்கலாம், இல்லை முகட்டுச் சாந்து வெடித்திருக்கலாம். கொட்டித் தீர்க்கிற மழைக்கு மட்டும் என்றால், இரண்டு சரிவுகள் கூடும் மடிப்பிலோ கூரை ஓரத்து வாய்க்காலிலோ சருகு அடைத்துத் தண்ணீர் பொங்கி உள்ளே வரலாம். மழை விட்ட பிறகும் வெகுநேரம் சொட்டுகிறது என்றால், மேலே எங்கேயோ தண்ணீர் தேங்கி மெல்ல இறங்குகிறது. மழையே இல்லாத குளிர்ந்த விடியலில் ஈரம் தெரிந்தால் அது ஒழுகலே இல்லாமல்கூட இருக்கலாம், உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து படிவது. இவ்வளவையும் ஏணி இல்லாமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே அவர் சொல்லிவிடுவார்.

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சரிவோடு கொஞ்ச தூரம் ஓடி, ஏதாவது ஓர் ஆணியிலோ முடிச்சிலோ தடுக்கித்தான் கீழே விழும். பகலில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளிருந்து பாருங்கள். ஓட்டிடுக்கில் வெளிச்சம் தெரியும், சட்டத்தில் பழுப்புக் கறை ஒரு கோடாக மேல்நோக்கிப் போகும். அந்தக் கோடு தொடங்கும் இடத்தைத்தான் சரி செய்ய வேண்டும்.

சரி, இப்போது அவர் விற்கிற வேலைக்கு வருவோம். கழுவிப் பூச்சு அடிப்பதால் உங்கள் ஒழுகல் நிற்காது. பூச்சு நிறம் தரும், விட்டுப்போன பட்டையை ஒட்டாது. சுட்ட மண் ஓடென்றால் அதன் நிறம் சூளையிலேயே வந்தது, பூச்சே தேவையில்லை. சிமெண்ட் ஓடு வருஷங்கள் போகப் போக மேல்நிறம் வெளுக்கும்; வெளுத்ததாலேயே அது தண்ணீரை உள்ளே விடும் என்று அர்த்தமில்லை. அப்புறம், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் மெஷினை வைத்துக் கீழிருந்து மேலாக அடித்தால், ஓட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறும், பழைய ஓட்டின் மேல்தோலும் பெயர்ந்து வரும். வீட்டில் எங்காவது பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அந்த மெஷினைக் கிட்டவே விடாதீர்கள். துளை போடவோ அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. அதிலிருந்து கிளம்பும் நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும்.

அவரிடம் வாதாடாதீர்கள், சாக்குப்போக்கும் வேண்டாம். "வீட்டுப் பெரியவரோடு பேசித்தான் முடிவு, என்னென்ன வேலை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், தேவையென்றால் நாங்களே கூப்பிடுகிறோம்" என்று நிலைப்படியிலேயே சொல்லிக் கதவைச் சாத்துங்கள். முகம் முறிந்துபோகுமோ என்று பார்த்துப் பார்த்துத்தான் பாதி வீடுகளில் கையெழுத்து விழுகிறது. இன்றைக்கு மட்டும் பாதி விலை என்றால், நாளைக்குச் சொல்லப்போகும் முழு விலை எங்கிருந்து வந்ததென்று யோசியுங்கள். அவர் காட்டும் படத்தில் உங்கள் வீட்டு அடையாளம் ஏதாவது தெரிகிறதா? வெடித்த சாந்தின் நெருக்கமான படம் எந்த வீட்டுக்கும் பொருந்தும். முக்கியமாக, அவரைக் கூரைமேல் ஏற விடாதீர்கள். பழைய ஓடு தப்பான இடத்தில் கால் வைத்தாலே உடையும். உடைத்தது யார் என்று அப்புறம் உங்களால் நிரூபிக்க முடியாது. இதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் உடனே அந்தத் தாளைப் படியுங்கள். வீட்டு வாசலில் நடந்த விற்பனையைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் ரத்து செய்யப் பல நாடுகளில் சட்டம் இருக்கிறது, சில இடங்களில் 3 வேலை நாள், சில இடங்களில் 14 நாள். ரத்து செய்வதை எழுத்தில் செய்யுங்கள்.

உங்கள் கணவரின் தகட்டு ஆசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தகடு கெட்ட பொருளில்லை. சரிவு குறைந்த கூரைக்கு ஓட்டைவிடத் தகடே பொருந்தும். எடையும் குறைவு: சிமெண்ட் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு 40 முதல் 50 கிலோ வரை வரும், எஃகுத் தகடு ஏறக்குறைய 5 கிலோதான். ஆனால் அந்த எடைதான் இவ்வளவு காலம் கூரையைக் காற்றில் பிடித்து வைத்திருந்தது. தகடு போட்டால் மரச்சட்டத்தையும் சுவரையும் சேர்த்துக் கட்டும் வேலையைப் புதிதாகச் செய்ய வேண்டும், அதை மதிப்பீட்டில் பலர் எழுதுவதே இல்லை. அடியில் வெப்பத் தடுப்பு விரிக்காவிட்டால் வெயிலில் வேகும், மழையில் பேச்சே கேட்காது, குளிரில் உட்புறம் வியர்த்துச் சொட்டும். அந்தச் சொட்டும் அதே அறையில், அதே கட்டிலில்தான் விழும். தகட்டைக் கூரைமேல் வைத்துக் கிரைண்டரில் அறுக்க விடாதீர்கள், தெறிக்கும் இரும்புத் தூள் ஒட்டிக்கொண்டு புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். ஸ்க்ரூவும் அதன் ரப்பர் வாஷரும் தகட்டோடு ஒத்துப்போகிற தரத்தில் இல்லையென்றால் தகடு நன்றாக இருக்கும்போதே துளைகள் ஒழுகத் தொடங்கும்.

சட்டம் உளுக்காமல், ஓடுகளில் பெரும்பாலானவை முழுசாக இருந்தால், நான் ஓட்டை எடுக்கச் சொல்லவே மாட்டேன். உடைந்ததை மாற்றி, பட்டையையும் மடிப்பையும் சரி செய்து, முகட்டுச் சாந்தைப் புதிதாகப் பூசினாலே போதும். கூரையின் நிறம் தெருவில் போகிறவர்களுக்கு. நனையாத படுக்கை வீட்டுப் பெரியவருக்கு. எதற்கு முதலில் செலவு செய்வது என்று ஒரு மருமகளும் மகனும் என்னைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அது உங்கள் கடமை, இத்தனை நாள் தள்ளிப்போட்டது தப்பு. இன்று இரவே அவருக்கு நனையாத அறையில் படுக்கை போடுங்கள், அந்த ஒழுகல் அறையில் உங்கள் சாமான்கள் இருக்கட்டும்.

அப்புறம் ஓட்டு வேலை தெரிந்த இரண்டு மூன்று பேரை நீங்களாகவே தேடிக் கூப்பிடுங்கள். மாமனார் சொன்னதை ஒவ்வொருவரிடமும் அப்படியே சொல்லி, அந்தக் கறைக் கோட்டைக் காட்டி, எதைச் செய்வார்கள் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வேலை முடிந்ததும் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். கடைசிப் பங்கு ஒரு நல்ல மழை பார்த்த பிறகுதான் என்று ஆரம்பத்திலேயே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு வேலையைக் கொடுக்க வேண்டாம்.