வேலைக்குப் போற க்ரூவுக்கு ஃப்ளைட்ல சீட் உறுதியா கிடைக்குமா?

பாம்பன்ல வீடு, சென்னை பேஸ் (ட்யூட்டி ஆரம்பிக்கற ஊர்), லீவு முடிஞ்சு மதுரைல இருந்து ஃப்ளைட்ல போனா கேபின் க்ரூவுக்கு சீட் உறுதியான்னு கேட்ட தங்கச்சிக்கு: பொதுவா கிடையாதும்மா. கம்பெனியே வேற ஊருக்கு ட்யூட்டிக்கு அனுப்பினாத்தான் கன்ஃபர்ம் சீட், அதுக்கு டெட்ஹெட்டிங்னு பேரு. வீட்ல இருந்து பேஸுக்குப் போறது சொந்தப் பயணம், ஸ்டாஃப் டிக்கெட் பெரும்பாலும் ஸ்டாண்ட்பை, காசு குடுத்தவங்க எல்லாம் ஏறி மிச்சம் இருந்தாத்தான் சீட்டு, இல்லன்னா பையோட கேட்லயே நிக்கணும்.

பேஸுக்குப் போக உறுதியான சீட் குடுக்கறத வெறும் சலுகையா பாக்குறதுதான் எனக்குக் கோவம். 2009 பிப்ரவரில அமெரிக்காவுல பஃபலோ பக்கம் கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் செத்தாங்க, அந்த கோ-பைலட் முந்தின ராத்திரி பூரா சியாட்டில்ல இருந்து மெம்பிஸ் வழியா தன் பேஸான நியூவார்க்குக்கு பறந்து வந்தவங்க. ஸ்டால் (வேகம் குறைஞ்சு விமானம் தூக்கு விசைய இழக்கறது) எச்சரிக்கைக்கு கேப்டன் தப்பா ரியாக்ட் பண்ணதுதான் காரணம்னு விசாரணை சொல்லுச்சு, ஆனா களைப்பும் அதுல பேசப்பட்டுச்சு. உறுதியான சீட் இருந்தா அப்படி ராத்திரில அலைய வேண்டியது எவ்வளவோ குறையும்.

நம்ம பக்கம் உச்சிப்புளில இருக்கறது நேவி தளம், பயணிகள் ஃப்ளைட் இல்ல. மதுரைக்கே கார்ல சுமார் மூணு மணி நேரம் ஆகும், அங்க போய் சீட் இல்லன்னா ராமேஸ்வரத்துல இருந்து சென்னை போற சேது எக்ஸ்பிரஸ் ரயிலையும் விட்டிருப்பீங்க. அதனால முந்தின நாளே சேதுல பெர்த் போட்டுருங்க. உங்க கம்பெனில கம்யூட்டர் பாலிசி (வெளியூர்ல இருந்து பேஸுக்கு வர்றவங்களுக்கான விதி) இருக்கான்னு ட்யூட்டி அட்டவணை போடுற ரோஸ்டர் டீம்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க.