வலைக்கூண்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசை

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பூங்காவில் குடும்பத்தோடு அமர்ந்து சாப்பிட நான்கு மேசைகளும், கிரிக்கெட் பயிற்சிக்கு ஒரு வலைக்கூண்டும் அமைக்கவிருக்கிறோம். இரண்டும் அருகருகே இருந்தால் பிள்ளைகள் மீது ஒரு கண் வைத்துக்கொண்டே சாப்பிடலாம் என்று சிலரும், பந்து தட்டில் வந்து விழும் என்று சிலரும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மேசை கூண்டின் எந்தப் பக்கத்தில் வரப்போகிறது என்று தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது. கூண்டின் மற்ற பக்கங்களை வலை மூடியிருந்தாலும், பந்து வீசுபவர் ஓடி வரும் பக்கம் திறந்தே இருக்கும். மட்டையாளர் ஓங்கி அடிக்கும் பந்து அந்த வழியாகத்தான் வெளியேறும். 156 முதல் 163 கிராம் வரை எடையுள்ள தோல் பந்து அது என்பதால், திறந்த வாய்க்கு எதிரே மேசை போடும் பேச்சே வேண்டாம். மட்டையாளரின் முதுகுப் பக்கம் போடுங்கள். ஆனால் வலையை ஒட்டிப் போடாதீர்கள். வேகமாக வரும் பந்து பட்டதும் வலை வெளிப்பக்கம் புடைத்து வரும். அதில் சாய்ந்து உட்கார்ந்திருப்பவர் முதுகில் அடி விழும். கூண்டுக்கு மேலேயும் வலை கட்டாயம் வேண்டும்.

விக்கெட்டுகளுக்கு இடையிலான 22 கெஜத்தை, அதாவது 20.12 மீட்டரை மட்டும் அளந்து இடம் ஒதுக்கிவிட்டு, ஓடி வரும் தூரத்தை மறந்துவிடுவது பலர் செய்யும் தவறு. அப்புறம் பந்து வீசுபவர் நடைபாதையில் போகிறவர்களை விலக்கிக்கொண்டு ஓடி வருவார். கூண்டின் நீளம் வடக்கு தெற்காக அமைந்தால் காலையிலும் மாலையிலும் வெயில் யார் கண்ணிலும் நேராக அடிக்காது.

கேள்வி: மேசை மரத்தில் இருக்கட்டுமா, கான்கிரீட்டில் இருக்கட்டுமா?

பதில்: பராமரிக்க ஆள் இல்லையென்றால் கான்கிரீட்தான். ஆனால் அதைவிட முக்கியம், மேசைக்கு அடியில் உள்ள தரை. வெறும் மண்ணாக விட்டால், உட்காருபவர்களின் கால் பட்டுப் பட்டே பெஞ்சுக்கு முன்னால் பள்ளம் விழுந்து, மழை பெய்ததும் அங்கே தண்ணீர் தேங்கிவிடும். ஆகவே தளம் போட்டுவிடுங்கள். மாலையில்தான் கூட்டம் வருமென்றால், மரத்துக்குக் கிழக்கே மேசையைப் போடுங்கள். நிழல் அந்தப் பக்கம்தான் சாயும். ஒரு மேசையிலாவது பலகையின் ஒரு முனையைப் பெஞ்சைத் தாண்டி நீட்டி, அதற்கு அடியில் ஏறத்தாழ 70 செ.மீ. உயரத்துக்கு இடம் விட்டால், சக்கர நாற்காலியில் வருபவரும் மற்றவர்களோடு ஒரே மேசையில் சாப்பிடலாம்.